"சிந்தினதா, சேர்?"

12 வருடமாகத் திருகோணமலையில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். இனப்பெருக்கப் பாடத்தைக் கூச்சமில்லாமல் நடத்துவேன். ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள் எடுக்கும் என்று கரும்பலகையில் எழுதி அடிக்கோடும் போடுவேன். அதே ஆளுக்கு, விந்துப் பரிசோதனைக்கான சின்னப் பிளாஸ்டிக் கோப்பையைக் கையில் வாங்க நாலு வருடம் பிடித்தது.

கலியாணமாகி இரண்டாவது வருடமே "ஏதும் விசேஷமோ?" தொடங்கிவிட்டது. கேள்வி என்னைத் தாண்டி மனைவியிடம்தான் போகும். அம்மா கோணேசர் கோயில் மலையில் சின்ன மரத்தொட்டில் ஒன்று கட்டிவிட்டு வந்தார். மனைவிக்கோ இரத்தப் பரிசோதனை, காலை ஸ்கான் என்று ஓயாத அலைச்சல். கருக்குழாய்க்குள் சாயம் ஏற்றி எக்ஸ்றே எடுத்த அன்று, வயிற்றைப் பிடித்தபடி ஓட்டோவில் ஒரு வார்த்தை பேசாமல் வந்தாள். எல்லாம் சரியாகவே இருந்தது. என்னைச் சோதிக்கும்படி யாரும் சொல்லவில்லை, நானாகவும் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஒரு டொக்டர் அம்மா பைலைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "இவரின்ட ரிப்போர்ட் எங்க?"

நோவில்லாத, செலவு குறைந்த சோதனை அதுதான். அதைத்தான் கடைசிக்குத் தள்ளியிருந்தோம்.

கடைசியாக விந்து வெளியேறியதற்கும் சோதனைக்கும் இடையில் 2 முதல் 7 நாள் இடைவெளி வேண்டும். லாப் தரும் கோப்பையில்தான் எடுக்க வேண்டும், எண்ணெய், சாதாரண ஆணுறை எதுவும் ஆகாது. வீட்டில் எடுத்தால் உடம்புச் சூட்டிலேயே வைத்து ஒரு மணித்தியாலத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். எங்கள் வீடு நிலாவெளியில், லாப் டவுனுக்குள். மனைவி ஸ்கூட்டி ஓட்ட, கோப்பையைச் சேர்ட்டுக்குள் வயிற்றோடு அணைத்தபடி நான் பின்னால் இருந்தேன். டவுனுக்குள் வந்தால் மான்கள் வீதியை மறித்துக்கொண்டு நிற்கின்றன. வெளியூர்க்காரர்கள் இறங்கிப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கவுண்டரில் இருந்தது என்னிடம் படித்த பிள்ளை. படிவத்தைப் பார்த்தபடியே கேட்டாள்.

"எத்தனை நாள் இடைவெளி, சேர்?"

"மூன்று."

"ஏதும் சிந்தினதா, சேர்?"

"இல்லை."

சிந்தியிருந்தது. அதுவும் முதல் துளிகள். விந்தணுக்களில் பெரும்பகுதி முதலில் வெளிவரும் துளிகளில்தான் இருக்கும், அவை போனால் எண்ணிக்கையை நம்ப முடியாது. இது எனக்குத் தெரியாத விஷயமா? பழைய மாணவி முன்னால் நா எழவில்லை. டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லேவன்ஹூக் 1677இல் தன் நுணுக்குக்காட்டியில் விந்தணுவைக் கண்டதும் லண்டன் றோயல் சொசைட்டிக்கு எழுதினார். அருவருப்பாகப் பட்டால் வெளியிட வேண்டாம் என்றும் சேர்த்து எழுதினாராம். அவராவது எழுதினார்.

ரிப்போர்ட் வந்தது: ஒரு மில்லிலீற்றருக்கு 4 மில்லியன். ஒற்றை விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் இக்சி முறைக்குக் கொழும்பு போவதா, அதற்கு எந்த நகையை அடகு வைப்பது என்றெல்லாம் இரண்டு இரவு கணக்குப் போட்டோம். மூன்றாம் இரவு உண்மையைச் சொன்னேன். மனைவிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. "எனக்கு எக்ஸ்றே எடுக்கேக்க நான் எதையாவது ஒளிச்சனானா?"

பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

டொக்டரிடம் போய் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. சிந்தாவிட்டாலும் ஒரு ரிப்போர்ட்டை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை என்றார். "கிட்டடியில காய்ச்சல் ஏதும் வந்ததா?" என்று கேட்டார். இரண்டு மாதத்துக்கு முன் டெங்குவில் ஒரு கிழமை படுத்திருந்தேன். கடும் காய்ச்சல் விந்தணு உற்பத்தியைக் குழப்பும், அது சில கிழமை கழித்துத்தான் எண்ணிக்கையில் தெரியும் என்றார். மூன்று மாதம் கழித்து மறுபடி செய்யச் சொன்னார். 74 நாள், அப்புறம் விந்தணு முதிர்ந்து வெளியே வர இன்னும் கொஞ்ச நாள். பாடத்தில் நான் எழுதும் அதே கணக்கு. இந்த முறை அதைச் சமையலறைக் கலண்டரில் மனைவி எழுதினாள்.

ரிப்போர்ட்டின் ஓரத்தில் 16 மில்லியன் என்று அச்சடித்திருக்கும் எண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது சித்தியடையும் புள்ளி அல்ல. ஒரு வருடத்துக்குள் கரு தங்கிய தம்பதிகளின் ஆண்களை அளந்து, அவர்களில் கீழே இருந்த 5 சதவீதத்தைப் பிரிக்கும் கோடுதான் அது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் அப்படித்தான் இருக்கிறது. அதற்குக் கீழே இருந்தும் அப்பாவானவர்கள் இருக்கிறார்கள், மேலே இருந்தும் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். இதைப் பரீட்சைப் புள்ளி மாதிரி வாசித்துத்தான் நான் இரண்டு இரவு தூங்காமல் கிடந்தேன்.

மூன்று மாதம் கழித்து அதே கவுண்டர், அதே பிள்ளை.

"ஏதும் சிந்தினதா, சேர்?"

"இல்லை. போன தரம் சிந்தினது, நான் சொல்லேல்ல."

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கனபேர் அப்படித்தான், சேர்" என்று சொல்லிக்கொண்டே புள்ளடி போட்டாள்.

21 மில்லியன். மனைவி ரிப்போர்ட்டை இரண்டு தரம் வாசித்தாள். வீட்டுக்கு வந்ததும் தன் பைலை எடுத்தாள். நாலு வருடத்துக் கடதாசிகள், கட்டியிருந்த நாடா போதாமல் றப்பர் பாண்ட் போட்டிருந்தது. என்னுடைய இரண்டு தாளையும் அதன் மேல் வைத்துக் கட்டினாள். செவ்வாய்க்கிழமை டொக்டரிடம் போகிறோம்.