ஒபாமா பதவியேற்பு: மைனஸ் இரண்டு டிகிரியில் கேட்ட உரை

நியூயார்க்கிலிருந்து வாஷிங்டனுக்குச் சாதாரண நாட்களில் இருபது டாலர் வாங்கும் பேருந்துக்காரர்கள், 2009 ஜனவரி 20 பதவியேற்புக்கு முந்தைய இரவு எண்பது டாலரைக் கறந்துகொண்டு, ஹீட்டர் வேலை செய்யாத வண்டியை அனுப்பினார்கள். கேட்டதற்கு, "பிடிக்கவில்லையென்றால் இறங்கிக்கொள்ளுங்கள்" என்றார் ஓட்டுநர். விடுதி வாடகை பல மடங்கு ஏறிக் கிடந்ததால் பொறுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர்கள் வழியாக இலவசமாகத் தரப்படும் நுழைவுச்சீட்டு கிடைக்காத எங்களைப் போன்றவர்களுக்கு, நாடாளுமன்றக் கட்டடத்துக்கு எதிரே நீளும் நேஷனல் மால் புல்வெளியும் ராட்சதத் திரைகளும்தான் கதி. தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் 35 சொற்களே கொண்ட உறுதிமொழியில் ஒரு சொல்லை இடம் மாற்றிச் சொல்லிவிட, லிங்கன் 1861இல் பயன்படுத்திய பைபிளின் மேல் கை வைத்திருந்த ஒபாமா ஒரு கணம் தயங்கியதைத் திரையில் தெளிவாகப் பார்த்தோம். மறுநாள் வெள்ளை மாளிகையில் அந்த உறுதிமொழியை மீண்டும் எடுத்துக்கொண்டாராம்.

பதினெட்டு நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலாக நீண்ட உரை, தேர்தல் மேடைகளின் முழக்கத்தை எதிர்பார்த்து வந்த கூட்டத்தை ஏமாற்றியது என்றே சொல்வேன். இரண்டு போர்கள், சரிந்து கிடக்கும் பொருளாதாரம், ஒவ்வொருவரும் ஏற்க வேண்டிய பொறுப்பு என்று அவர் கண்டிப்பான குரலில் பேசப் பேச, கையுறை அணிந்த கைகளின் தட்டல் 'தொப் தொப்' என்று அடங்கியே ஒலித்தது. எனக்கு அந்தக் கண்டிப்பு பிடித்திருந்தது. வங்கிகள் கவிழ்ந்துகொண்டிருக்கும் நேரத்தில் கோஷம் போட்டிருந்தால்தான் எரிச்சல் வந்திருக்கும். (அதுவரை 44 அமெரிக்கர்கள் பதவியேற்றதாகச் சொன்னது மட்டும் பிழை, இடைவெளிவிட்டு இருமுறை அதிபரான குரோவர் கிளீவ்லேண்ட் இரண்டு முறை எண்ணப்படுவதால் அப்போது 43 பேர்தான்.) கிறிஸ்தவர், முஸ்லிம், யூதர் என்ற வரிசையில் இந்துக்களையும் இறைநம்பிக்கையற்றோரையும் அவர் சேர்த்தபோது, அருகில் நின்ற குஜராத்திக் குடும்பம் துள்ளிக் குதித்தது.

அறுபது ஆண்டுகளுக்கும் குறைவான காலத்துக்கு முன் கறுப்பினத்தவரான தம் தந்தைக்கு உள்ளூர் உணவகத்தில் பரிமாறாமலே போயிருக்கலாம் என்ற பொருளில் ஒபாமா பேசியபோது, மடக்கு நாற்காலியில் அமர்ந்திருந்த கறுப்பினப் பெரியவர் ஒருவர், "இந்த ஊரில்தான் பரிமாற மறுத்தார்கள், மறுக்கக் கூடாது என்று 1953இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்வரை" என்று யாரையும் பார்க்காமல் சொன்னார்.

அணிவகுப்புக்காக பென்சில்வேனியா அவென்யூவை அடைத்துவிட்டதால், அத்தனை பேரும் லான்ஃபான்ட் பிளாசா ரயில் நிலையத்தை நோக்கி முட்டி மோதினோம். வழியெங்கும் காலையில் பத்து டாலருக்கு விற்ற ஒபாமா தொப்பிகள் ஐந்துக்கு இறங்கியிருந்தன. அடுத்த பதவியேற்புக்குப் போகிறவர்கள் உரை முடியும்வரை தொப்பி வாங்காமல் இருப்பது நல்லது.