வெள்ளி உருக்குவதைவிட மூசையைப் பழக்குவதே பெரும்பாடு

"அப்படியே உலையில் வைக்கலாம் மேடம், எல்லாம் பழக்கிய சரக்கு" என்று உறுதி சொல்லித்தான் பெங்களூருக் கடைக்காரர் வெள்ளி உருக்கும் கிண்ணமான அந்த கிராபைட் மூசையை என் தலையில் கட்டினார். பழக்குவது என்றால் மெல்லக் காய்ச்சி, ஈரம் போக்கி, பெருந்தீக்குத் தயாராக்குவது. அந்தப் பழக்கிய சரக்கின் இலட்சணம் கிருஷ்ணகிரிக்கு வந்து உலையில் ஏற்றிய பிறகுதான் தெரிந்தது. வெள்ளி இளகி மேற்பரப்பு பளபளக்கத் தொடங்கிய நேரத்தில் அடியிலிருந்து 'சட்'டென்று ஒரு சத்தம். 30 கிராம் வெள்ளியும் விரிசல் வழியாக இறங்கி, உலைச் செங்கல் இடுக்கில் போய் உறைந்துவிட்டது. தொலைபேசியில் கேட்டால், "கேஸை அதிகமாகத் திறந்திருப்பீர்கள்" என்கிறார். உடைந்த சரக்குக்கு மாற்றுக் கிடையாதாம். ரசீதின் பின்பக்கத்திலேயே அச்சிட்டிருக்கிறதாம். அச்சிட்டுத்தான் இருக்கிறது, கன்னடத்தில்.

எங்கள் தெருக்கோடியில் நகைப் பட்டறை வைத்திருந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். கண் மங்கியதால் தொழிலை விட்டுவிட்டவர். உடைந்த மூசையை அவரிடம் கொண்டுபோனேன். வாங்கித் திருப்பி, அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். "ஈரத் தரையில் கிடந்த மூசை, கண்ணு. எந்தக் கொம்பன் உருக்கினாலும் இது இப்படித்தான் போகும்" என்றார். செங்கல்லை உடைத்துத் தூளாக்கி, தண்ணீரில் அலசி, அடியில் தங்கும் வெள்ளி மணிகளைப் பொறுக்கச் சொன்னதும் அவர்தான். பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது. போன ஒரு சிறு பங்கைக் கடைக்காரர் கணக்கில் எழுதி வைத்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். கிராபைட்டும் களிமண்ணும் சேர்த்துச் சுட்ட மூசை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குடோன் தரையில் கிடந்த சரக்கென்றால் கேட்கவே வேண்டாம். அதைத் திடீரென்று பெருந்தீயில் வைத்தால் உள்ளேயுள்ள ஈரம் ஆவியாகி, வெளியேற வழியின்றி மூசையைப் பிளந்துவிடும். வாங்கும்போதே விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். 'கணீர்' என்றால் எடுக்கலாம்; 'தொப்' என்று மந்தமாகக் கேட்டால் விரிசல் இருக்கிறது என்று பொருள். அடுத்த மூசையைச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வாங்கினேன். கொலுசுத் தொழில் நடக்கும் ஊர் என்பதால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்ததை யாரும் வினோதமாகப் பார்க்கவில்லை. கடைப் பையனே இரண்டைத் தட்டிவிட்டு ஒன்றை ஒதுக்கி வைத்தான்.

பழக்கும் முறை சொல்ல எளிது, பொறுமைதான் வேண்டும். முதலில் நல்ல வெயிலில் காய வைத்தேன். பிறகு பழைய தோசைக்கல்லில் கவிழ்த்து வைத்து, மெல்லிய தீயில் 200 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேறும்படி நெடுநேரம் விட்டேன். அதன் பிறகே உலை. வெறும் மூசையைச் சின்னத் தீயில் வைத்து, படிப்படியாக ஏற்றி, முழுதும் செம்மை ஏறியதும் சற்று நேரம் அப்படியே நிறுத்தி, தீயை அணைத்து, உலையை மூடி உள்ளேயே ஆற விட வேண்டும். அவசரப்பட்டு வெளியே எடுத்துக் காற்றில் வைத்தால் பட்ட பாடெல்லாம் வீண். பழக்கிய மூசையும் சில வாரம் சும்மா கிடந்தால் மறுபடி ஈரம் ஏறும். ஆகவே ஒவ்வொரு முறையும் முதலில் காய்ச்சிவிட்டுத்தான் வெள்ளி போடுகிறேன். வெள்ளிக்கு வைத்த மூசையில் பித்தளையோ வேறெதுவோ போடக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை என நினைக்கிறேன்.

சிறிய வேலைகளுக்கு வைத்திருக்கும் வெள்ளைப் பீங்கான் மூசைக்கு வேறு வைத்தியம். அதைச் சிவக்கக் காய்ச்சி, வெங்காரம் (போராக்ஸ்) தூவி, உருகியதை நாலாபக்கமும் சாய்த்து ஓட்டி, உட்புறம் முழுவதும் கண்ணாடிபோல் பூச வேண்டும். பூச்சு இல்லாத இடத்தில் வெள்ளி ஒட்டிக்கொண்டு வராது.

இங்கே அடுத்த கூத்து. நாட்டு மருந்துக் கடையில் வெங்காரம் என்று கேட்டு வாங்கி வந்து தூவினால் பொங்கியது. பொங்கட்டும், பச்சை வெங்காரத்தில் நீர் இருப்பதால் பொங்கத்தான் செய்யும் என்று காத்திருந்தேன். பொங்கி முடிந்தும் உருகவில்லை. உப்பிய வெள்ளைச் சக்கையாக மூசைக்குள் உட்கார்ந்துகொண்டது. கடைப் பையன் கொடுத்தது படிகாரம்! திருப்பிக் கேட்டபோது, "இரண்டும் ஒன்றுதானே அக்கா" என்றான். ஒன்றல்ல, தம்பி. உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் இரும்புக் கரண்டியில் ஒரு சிட்டிகை வைத்து நன்றாகச் சூடாக்குங்கள். வெங்காரம் பொங்கி அடங்கி, கடைசியில் தெளிந்த கண்ணாடி மணியாகத் திரளும். படிகாரம் சக்கையாகவே நிற்கும். சரியான வெங்காரம் கிடைத்ததும் மொத்தத்தையும் முன்கூட்டியே பொரித்து, இடித்து, மூடிபோட்ட டப்பாவில் வைத்துக்கொள்வது நல்லது. வேலை நடுவில் பொங்கி வெள்ளிக் குருணையை வெளியே தள்ளும் தொல்லை இருக்காது.

கேஸ் கதையையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குரிய 14.2 கிலோ சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது. முறையாகவே போவோம் என்று வணிக இணைப்பு கேட்டால், முகவர் அலுவலகத்தில் உரிமம் கேட்டார்கள். உரிமம் கேட்கப் போன இடத்தில் இணைப்பு விவரம் கேட்டார்கள். இரண்டு மேசைக்கும் நடுவில் என் செருப்புதான் தேய்ந்தது. அடையாளச் சான்று நகல் ஒன்றைக் கொடுத்து 5 கிலோ சிலிண்டர் வாங்கலாம் என்பதை அந்த அலுவலர்களில் ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் தேநீர்க் கடை வைத்திருப்பவர் சொன்னார். ஆனால் சின்ன சிலிண்டரில் பெருந்தீ வைத்து நீண்ட நேரம் எரித்தால் அது சில்லிட்டு, வெளியே வியர்த்து, அழுத்தம் இறங்கிவிடும். மார்கழிக் காலைகளில் வெள்ளி உருகும் தறுவாயில் தீ சோர்ந்துபோகிறது. அதனால் உச்சி வெயிலில்தான் உருக்குகிறேன். சிலிண்டரை வெந்நீரில் வைக்கும் யோசனையை யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

உருக்குவது ஒப்பீட்டில் சுலபம். சுத்த வெள்ளி 961.8 பாகையில் உருகும். 925, அதாவது ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி உள்ள கலவை வேண்டுமானால் 100 கிராம் சுத்த வெள்ளிக்கு 8.1 கிராம் செம்பு. செம்பின் உருகுநிலை 1085 பாகை என்று பயப்பட வேண்டாம். உறை உரித்த கம்பியைச் சின்னச் சின்னதாக வெட்டிப் போட்டால் உருகிய வெள்ளியே அதைக் கரைத்துக்கொள்ளும். பழைய கொலுசுத் துண்டுகளில் கை வைப்பவர்கள் மட்டும் கவனியுங்கள். '90 டச்' (நூற்றுக்குத் 90 பங்கு வெள்ளி) என்று ஒரு வியாபாரி தந்ததை உருக்கியபோது வெண்புகை கிளம்பியது. வார்த்த கட்டியைத் தட்டினால் ஓரமெல்லாம் வெடித்தது. கொலுசுத் துண்டுகளை ஒட்டப் பற்றவைத்த பொடிதான் காரணம் என்றார் பெரியவர். அதில் துத்தநாகம், சில நேரம் காட்மியம்கூட இருக்கும். அந்தப் புகை நுரையீரலுக்கு நஞ்சு. கதவு ஜன்னல் எல்லாம் திறந்திருக்க வேண்டும். இப்போது பில்லோடு வரும் 999 (சுத்த வெள்ளி) குருணையைத் தவிர எதையும் தொடுவதில்லை.

உருகிய வெள்ளி தன் கன அளவைப் போல் சுமார் 20 மடங்கு ஆக்சிஜனைக் குடித்துவிட்டு, உறையும்போது அதைக் கக்கும். அப்போது மேற்பரப்பு கொப்பளித்துத் தெறிக்கும், வார்ப்பிலும் ஓட்டை விழும். ஒரு கரித்துண்டை மேலே மிதக்க விட்டு, காற்றைக் குறைத்துத் தீயைச் சற்று மஞ்சளாக வைத்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைகிறது. மேற்பரப்பு கண்ணாடியாகத் தெளிந்து, மூசையை லேசாக அசைத்தால் ஒரே உருண்டையாகப் புரள வேண்டும். அதுவே ஊற்றும் நேரம். தீயை மூசையின் மூக்கிலிருந்து எடுக்காமலே ஊற்றுங்கள். எடுத்தால் வாயிலேயே உறைந்து நிற்கும். கீழே சிமென்ட் தரை இருந்தால் மணல் பரப்பிய தட்டு கட்டாயம். உருகிய உலோகம் பட்டால் சிமென்ட் சில்லு சில்லாகத் தெறிக்கும். நைலான் புடவையும் துப்பட்டாவும் உலைப்பக்கம் வரவே கூடாது.

அச்சுக்கு நான் பயன்படுத்துவது கடல்நுரை, அதாவது கணவாய் ஓடு. இரண்டாக அறுத்து, தேய்த்துச் சமமாக்கி, மாதிரியை அழுத்திப் பதித்து, ஊற்றும் வழியும் காற்றுப் போக்கும் கீறி, கம்பியால் இறுக்கிக் கட்டினால் முடிந்தது. முடி கருகும் நாற்றம் வரும், பொறுத்துக்கொள்ள வேண்டும். அதுவும் எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் வெள்ளி முகத்துக்கே திரும்பி வரும். இப்படி நான் வார்த்த ஒரு பதக்கத்தில் ஓட்டின் வரிகள் அப்படியே விழுந்திருந்தன. மெருகேற்றிவிடலாமா என்று யோசித்தேன். வாங்கியவர் அதைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

வார்ப்பு கறுத்துத்தான் வரும். அதை வெளுக்க அமிலம் தேடி அலைய வேண்டாம், செம்புப் பாத்திரத்தில் படிகார நீரைக் கொதிக்க வைத்து அதில் போட்டால் போதும். மருந்துக் கடைப் பையன் தந்த பொட்டலம் இந்த வேலைக்குத்தான் கரைந்துகொண்டிருக்கிறது. இரும்பு இடுக்கியை மட்டும் அந்த நீரில் விடாதீர்கள், பதக்கம் செம்பு பூசிக்கொண்டு வெளியே வரும். மூங்கில் குச்சி போதும்.