கேட்கத் தயங்கிய நெஞ்சும் கெத்சமனி இரவும்

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய பெரிய வியாழன் மாலையில் ஆண்டவரின் இராவுணவுத் திருப்பலி முடிந்ததும், இயேசுவின் உடலாக வணங்கப்படும் அப்பமான நற்கருணை பவனியாக எடுத்துச் செல்லப்பட்டு, தனியே அலங்கரிக்கப்பட்ட ஒரு பீடத்தில் ஆராதனைக்கு வைக்கப்படுகிறது. சிங்கப்பூர்க் கத்தோலிக்கர்களில் பலர் அதன்பின் நேராக வீட்டுக்குத் திரும்புவதில்லை. கைதாவதற்கு முன் இயேசு மன்றாடிய கெத்சமனித் தோட்டத்தில் அவரோடு சிறிது நேரமேனும் விழித்திருக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு, குடும்பம் குடும்பமாக ஆலயம் விட்டு ஆலயம் சென்று மன்றாடுகிறார்கள். 16ஆம் நூற்றாண்டில் உரோமை நகரில் புனித பிலிப்பு நேரி வளர்த்தெடுத்த ஏழு பேராலயத் திருப்பயணத்தை நினைவூட்டும் வழக்கம் இது. இயன்றவர்கள் ஏழு ஆலயங்களையும் தரிசிக்கிறார்கள். முதியோரும் சிறு பிள்ளைகளோடு வருவோரும் மூன்று நான்கோடு நிறைவு கொள்கிறார்கள்.

அக்காவும் நானும் குவீன் ஸ்ட்ரீட்டை ஒட்டிய வழியைத் தேர்ந்துகொண்டோம். நல்லாயன் பேராலயத்தில் தொடங்கி, புனித பேதுரு பவுல் ஆலயம் வழியாக, ஓஃபிர் ரோட்டில் உள்ள தூய லூர்து அன்னை ஆலயத்தை அடைவது எங்கள் திட்டம். இவ்வூர்த் தமிழ்க் கத்தோலிக்கர்களின் வரலாறே இந்தச் சிறு தொலைவுக்குள் அடங்கியிருப்பதால், இவ்வழியில் நடப்பது எனக்கு எப்போதும் முன்னோர்களோடு சேர்ந்து நடப்பதாகவே தோன்றும்.

அந்த ஆண்டு நான் ஒரு தயக்கத்தோடுதான் புறப்பட்டேன். அம்மா நோயுற்றிருந்த மாதங்களில் குடும்பமே முழந்தாளிட்டு மன்றாடியும் அவர் எங்களை விட்டுப் பிரிந்தார். அதன்பின் நான் விசுவாசத்தை இழந்துவிடவில்லை. ஞாயிறு திருப்பலியைத் தவறவிட்டதும் இல்லை. ஆண்டவரைப் புகழவும் நன்றி கூறவும் முடிந்தது. ஆனால் ஒன்றைக் கேட்பது மட்டும் முடியவில்லை. விசுவாசிகள் மன்றாட்டு வாசிக்கப்படும்போது, ‘எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்’ என்று எல்லோரும் மறுமொழி சொல்ல, என் உதடுகள் அசையாமல் நிற்கும். கேட்டும் கிடைக்காவிட்டால் இன்னொரு முறை அந்த வலியைத் தாங்க வேண்டுமே என்ற அச்சம் ஒரு புறம். எல்லாம் அவர் சித்தப்படி நடக்கும்போது நாம் கேட்டு என்ன ஆகப் போகிறது என்ற எண்ணம் மறுபுறம். இரண்டாவதைப் பக்தி என்று பலர் மெச்சிக்கொள்வதுண்டு. என்னளவில் அதுவும் அச்சத்தின் இன்னொரு உருவம்தான்.

அக்காவின் நிலை வேறு. அத்தானுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, வாரத்தில் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு நடக்கிறது. பேராலயப் படிகளில் ஏறும்போது அக்கா என் கையைப் பிடித்து, “நீ அத்தானுக்காக ஒரு வார்த்தை கேளு தம்பி. நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், நீயும் கேளு” என்றார். நான் தலையசைத்தேன், உள்ளே சென்று முழந்தாளிட்டும் ஒரு சொல்கூட எழவில்லை.

1847ல் திறக்கப்பட்ட அந்தப் பேராலயத்திற்கு நல்லாயன் என்ற பெயர் வந்த காரணத்தை அறிந்தோர் அங்கே எளிதில் எழுந்து வந்துவிட மாட்டார்கள். 1821ல் சீனாவை நோக்கிச் செல்லும் வழியில் இத்தீவில் தங்கிய பிரெஞ்சு மறைப்பணியாளர் லோரன்ஸ் எம்பேர், பின்னாளில் கொரியாவில் ஆயராகப் பணியாற்றினார். அங்கே கிறிஸ்தவர்களுக்கு எதிரான வேதகலாபனை மூண்டபோது, மக்கள் மேலும் துன்புறுத்தப்படுவதைத் தடுக்க அவர் தம்மையே ஒப்புக்கொடுத்தார். நல்ல ஆயன் தன் ஆடுகளுக்காக உயிரைக் கொடுப்பான் என்பதை நினைவூட்டி, உடன் உழைத்த இரு குருக்களையும் சரணடையுமாறு எழுதினார். 1839 செப்டம்பர் 21 அன்று மூவரும் தலை வெட்டப்பட்டு மறைசாட்சிகளாயினர். 1984ல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரைப் புனிதராக அறிவித்தார். தமக்கென எதையும் கேட்காமல் கொடுத்துவிட்ட அந்த மனிதரை நினைத்தபோது, கேட்காமல் இருப்பதே உயர்ந்தது என்ற என் எண்ணம் சற்று வலுத்தது என்றே சொல்ல வேண்டும்.

அங்கிருந்து 1870ல் கட்டி முடிக்கப்பட்ட புனித பேதுரு பவுல் ஆலயத்திற்கு வந்தோம். முதலில் சீனரும் தமிழரும் ஒன்றாக வழிபட்ட இடம் அது. கூட்டம் வாசலுக்கு வெளியேயும் நின்றது. செபமாலையின் பத்து மணிகளைச் சொல்லிவிட்டு நடந்தோம்.

தமிழ்க் கத்தோலிக்கர்கள் பெருகியபோது, அவர்களுக்கெனத் தனி ஆலயம் வேண்டும் என்று அருட்தந்தை மெனுவ்ரியே முயன்றதன் பயனாக 1888ல் எழுந்ததே லூர்து அன்னை ஆலயம். ஒற்றைக் கோபுரம் வானளாவ நிற்கும் அந்தக் கோதிக் கட்டடம் 2005ஆம் ஆண்டு தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. தாய்மொழியில் பாடலும் செபமும் கேட்கும் அந்த முற்றத்தில் கால் வைத்ததுமே அக்காவின் முகம் மாறியது.

ஆராதனைப் பீடத்தின் முன்னே இடமில்லாததால், தூணோரம் தரையிலேயே அமர்ந்தோம். எனக்கு முன்னால் கட்டுமான வேலையிலிருந்து நேராக வந்தவர் போலிருந்த ஓர் இளைஞர் முழந்தாளிட்டிருந்தார். அவர் காலணியின் விளிம்பில் சிமெண்ட் காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. கையிலிருந்த கைப்பேசியில் ஊரிலிருந்து யார் யாரோ அனுப்பியிருந்த வேண்டுதல்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் படித்து, ஒவ்வொரு பெயரையும் தாழ்ந்த குரலில் சொன்னார். ஒருவருக்கு மகப்பேறு, ஒருவருக்குக் கடன் தீர வேண்டும், ஒரு பாட்டிக்கு மூட்டு வலி. எதையும் பெரிது சிறிது என்று பிரிக்காமல் அவர் கேட்ட விதம் என்னை அசைத்துவிட்டது.

அப்போதுதான் கெத்சமனியை நான் சரியாகப் பார்த்தேன். எனக்குக் காட்சி எதுவும் தோன்றவில்லை. எத்தனையோ முறை கேட்ட நற்செய்திப் பகுதி கண்ணெதிரே துலங்கியது, அவ்வளவுதான். அன்றிரவு இயேசு கேட்டார். ‘தந்தையே, முடிந்தால் இத்துன்பக் கிண்ணம் என்னைவிட்டு அகலட்டும்’ என்று, முகங்குப்புற விழுந்து, அதே சொற்களால் மூன்று முறை கேட்டார். ‘உம் விருப்பப்படியே ஆகட்டும்’ என்ற ஒப்புக்கொடுத்தல், கேட்ட பிறகுதான் வருகிறது. கேட்பதற்குப் பதிலாக வரவில்லை. நான் முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன். கிண்ணம் அகலவில்லை. இருந்தும், அவருடைய மன்றாட்டு கேட்கப்பட்டது என்றே எபிரேயர் திருமுகம் ஐந்தாம் அதிகாரம் சொல்கிறது. கேட்டது நடக்காத இடத்திலும் தந்தை செவிசாய்த்தார் என்று சொல்லும் அந்த ஒரு வசனத்தின் ஆழத்தில் என் அம்மாவின் மரணத்துக்கும் இடம் இருந்தது.

லூர்து அன்னையின் ஆலயத்தில் இந்தத் தெளிவு கிடைத்தது பொருத்தமானதே. 1858 பிப்ரவரி 11 அன்று பிரான்சின் லூர்து நகரில், மசபியேல் குகையில் அன்னை மரியாவின் முதல் காட்சியைக் கண்ட பதினான்கு வயதுப் பெர்னதெத், தன் கண்களையே நம்பாமல் கசக்கிப் பார்த்தவள். இரண்டாம் முறை சென்றபோது தீர்த்தத்தை எடுத்துச் சென்று தெளித்துச் சோதித்தவள். ‘உன்னை இவ்வுலகில் மகிழ்ச்சியாக்குவேன் என்று வாக்களிக்கவில்லை, மறுவுலகில்தான்’ என்று அன்னை அவளிடம் சொன்னது மூன்றாம் காட்சியிலேயே. பிப்ரவரி 25 அன்று, ஊற்றில் குடிக்கும்படி அன்னை கூறியபோது அங்கே ஊற்று எதுவும் கண்ணில் படவில்லை. அவள் மண்ணைத் தோண்டி, கலங்கிய நீரை மூன்று முறை உதறிவிட்டு, நான்காம் முறைதான் குடித்தாள். சுற்றி நின்றவர்கள் அவளைப் பைத்தியம் என்றனர். அந்த ஊற்றை நாடி வந்தோரில் 70க்கும் மேற்பட்டோரின் குணமடைதலைத் திருச்சபை புதுமை என ஏற்றிருக்கிறது. பெர்னதெத்தோ சிறுவயது முதல் ஆஸ்துமாவாலும், பின்னர் முழங்கால் எலும்பைத் தாக்கிய காசநோயாலும் வருந்தி, 1879ல் நெவேர் மடத்தில் 35ஆம் வயதில் இறந்தார். தமக்குக் கிடைக்காத நலனுக்காக அவர் பிறரிடம் ஊற்றை மறைக்கவில்லை. பிறருக்காக மன்றாடுவதை நிறுத்தவும் இல்லை.

பெத்சாய்தாவில் பார்வையற்ற ஒருவரை இயேசு தொட்டபோது, முதலில் மனிதர்கள் நடமாடும் மரங்களைப் போலத் தெரிந்தார்கள் என்றும், மீண்டும் கைகளை வைத்த பின்னரே எல்லாம் தெளிவாயிற்று என்றும் மாற்கு எழுதுகிறார். இயேசுவே இரண்டாம் முறை தொட வேண்டியிருந்தது என்பதை மறைக்காமல் எழுதிவைத்ததற்காக அவருக்கு நான் நன்றி சொல்கிறேன். விசுவாசத்தில் பிறந்து வளர்ந்த எனக்கும் இரண்டாம் தொடுதல் தேவைப்பட்டது.

அத்தானின் திருமுழுக்குப் பெயரைச் சொல்லி, அவருடைய நோய் நீங்க வேண்டும், மாற்றுச் சிறுநீரகம் கிடைக்க வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டேன். அக்கா திரும்பிப் பார்த்து, ஒன்றும் பேசாமல் தானும் சேர்ந்து செபித்தார்.

அத்தானுக்கு இன்னும் மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கவில்லை. அவர் இயந்திரத்தோடு இணைக்கப்பட்டிருக்கும் அந்த மூன்று நாள்களிலும், வேலைக்கு இடையே ஒதுங்கி ஒரு செபமாலை சொல்கிறேன். ஞாயிறு தோறும் விசுவாசிகள் மன்றாட்டுக்கு மற்றவர்களோடு சேர்ந்து உரக்கவே மறுமொழி சொல்கிறேன்.