டிக்கெட் வித்தாச்சு, ஆள் எங்க?

போன நவம்பர்ல ஒரு சனிக்கிழமை, ஆபீஸ்ல கூட வேலை பார்க்கிற ஒரு பெரியவர் என் போனுக்கு ரெண்டு டிக்கெட் அனுப்பி வச்சார். காலேஜ் ஃபுட்பால் மேட்ச். முட்டி வலி, நீயும் உன் பையனும் போயிட்டு வாங்கன்னார். எவ்வளவு தரணும்னு கேட்டேன், சிரிச்சார். எனக்கு முன்னாடியே நாலு பேர்கிட்ட கேட்டுப் பார்த்துட்டார்னு அப்புறம்தான் தெரிஞ்சுது, ஓசியில கொடுத்தாலும் வாங்க ஆளில்ல. முட்டி வலியும் பாதிதான் நிஜம், அன்னைக்கு மனுஷன் வீட்ல 75 இன்ச் டிவி முன்னாடி உக்காந்து அதே மேட்சைதான் பார்த்துட்டு இருந்தார், நடுவுல எனக்கு மெசேஜ் வேற, "அது கேட்ச்தான், ரீப்ளேல தெளிவா தெரியுது"ன்னு. ஸ்டேடியத்துக்குள்ள உக்காந்திருந்த எனக்கு ஒரு மண்ணும் தெரியல.

எந்த காலேஜ்னு சொல்ல மாட்டேன். அமெரிக்காவுல மிட்வெஸ்ட் பக்கம் இருக்கு, அவ்வளவுதான். எங்க ஆபீஸ்ல பாதிப்பேர் அங்க படிச்சவங்க, பொழப்பு முக்கியம்.

ஊர்ல இருந்து படிக்கிறவங்களுக்காக ஒரு வார்த்தை. இது நம்ம கால்பந்து இல்ல, ஹெல்மெட் போட்டுக்கிட்டு முட்டிக்கிற அமெரிக்கன் ஃபுட்பால், அதுவும் காலேஜ் பசங்க ஆடுறது. காலேஜ் மேட்ச்தானேன்னு நினைச்சிடாதீங்க. ஆன் ஆர்பர்னு ஒரு ஊர், மிச்சிகன் யுனிவர்சிட்டி இருக்கிற ஊர், மொத்த ஜனத்தொகையே 1.2 லட்சம் சொச்சம், அங்க இருக்கிற ஸ்டேடியத்துல 1,07,601 பேர் உக்காரலாம். 1975 நவம்பர்ல ஆரம்பிச்சு அங்க நடந்த ஒவ்வொரு ஹோம் மேட்சுக்கும் 1 லட்சத்துக்கு மேல கூட்டம்னு கணக்கு சொல்றாங்க, கொரோனா வந்த 2020 மட்டும் விதிவிலக்கு. சனிக்கிழமை காலைல இருந்தே பார்க்கிங் லாட்ல கார் டிக்கியைத் திறந்து வச்சு கறி சுட்டு, பீர் குடிச்சு, தெரியாதவனுக்கும் தட்டுல போட்டுக் கொடுத்து ஒரே கொண்டாட்டமா இருக்கும், டெயில்கேட்னு பேரு, திருவிழாவேதான்.

ஆனா அந்தக் கணக்கு இருக்கே, அங்கதான் விஷயம்.

அறிவிக்கிற எண்ணிக்கை பல இடத்துல வித்த டிக்கெட், கொடுத்த டிக்கெட்டோட எண்ணிக்கை. கேட்ல ஸ்கேன் ஆகி உள்ள வந்தவங்க எண்ணிக்கை வேற. 2018-ல வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகை பல காலேஜோட ஸ்கேன் கணக்கை வாங்கி ஒப்பிட்டுப் பார்த்துது, 2017 சீசன்ல அறிவிச்சதுல சராசரியா 71 சதவீதம்தான் நிஜமா வந்தவங்க. பத்து பேர்னு சொன்னா ஏழு தலைதான். இத்தனைக்கும் அறிவிச்ச எண்ணிக்கையே இறங்கிட்டு இருந்துது, முதல் தட்டு காலேஜ் எல்லாத்தையும் சேர்த்து ஒரு மேட்சுக்கு சராசரி 2008-ல 46,000-க்கு மேல, 2018-ல 41,856, 1996-க்கு அப்புறம் அதுவரைக்கும் வந்ததுலயே அதுதான் குறைச்சல். பெரிய டீம்களுக்கு இப்பவும் கூட்டம் இருக்கு, இல்லன்னு சொல்லல.

யாரைக் கேட்டாலும் இந்தக் காலத்துப் பசங்க, போனு, பொறுமை இல்லன்னு ஆரம்பிச்சிடுவாங்க. நானும் அப்படித்தான் நினைச்சிட்டு இருந்தேன். அன்னைக்கு அங்க உக்காந்து பார்த்ததுக்கு அப்புறம் பசங்க மேல தப்பு சொல்ல எனக்கு வாய் வரல.

எங்க சீட்டுன்னா அது சீட்டு இல்ல, நீளமான அலுமினியம் பெஞ்சுல நம்பர் எழுதி வச்சிருக்கு, ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் நடுவுல என் பையன் உடம்புதான் அடங்கும். வெயில் காலத்துல சுடும், அன்னைக்கு பேண்ட்டைத் தாண்டி குளிர் ஏறுது. அதைக் கூட பொறுத்துக்கலாம். ஓரத்துல ஒருத்தர் சிவப்பு தொப்பி போட்டுக்கிட்டு நிக்கிறார், அவரை நான் முதல்ல கவனிக்கவே இல்ல, பையன்தான் காட்டினான், "அப்பா அவர் உள்ள வந்தா எல்லாரும் நின்னுடறாங்க"ன்னு. ஆமா. அவர் டிவி ஆளு. அவர் மைதானத்துக்குள்ள ரெண்டடி வச்சு நின்னா டிவில விளம்பரம் ஓடுதுன்னு அர்த்தம், அவர் வெளிய போற வரைக்கும் பந்தைத் தொடக் கூடாது. 22 பேர் இடுப்புல கை வச்சுக்கிட்டு நிக்கிறாங்க, ரெஃப்ரீ நிக்கிறார், நாங்க ஆயிரக்கணக்குல குளிர்ல உக்காந்து ஒரு தொப்பியைப் பார்த்துட்டு இருக்கோம். டச்டவுன் போட்டா, அதாவது பந்தை எதிராளி எல்லைக்குள்ள கொண்டு போய் பாயிண்ட் எடுத்தா, ஒரு விளம்பரம், அப்புறம் கிக்ஆஃப் ஒன்னு, பந்து காத்துல போய் விழுது, மறுபடி விளம்பரம். நாலு குவார்ட்டரா பிரிச்சு ஆடுற 60 நிமிஷ ஆட்டம் மூணேகால் மணி நேரத்துக்கு மேல இழுக்குது. வீட்ல இருக்கிற பெரியவர் அந்த கேப்புல மைக்ரோவேவ்ல பாப்கார்ன் போட்டுட்டு வந்துடுவார், எங்களுக்கு பாப்கார்ன் வாங்கணும்னா ஒரு குவார்ட்டர் போயிடும்.

முதல் குவார்ட்டர் முடியறதுக்குள்ள பையன் தொப்பிக்காரர் எத்தனை தடவை வந்தார்னு எண்ண ஆரம்பிச்சிட்டான், ஸ்கோர் என்னன்னு கேட்டா அவனுக்குத் தெரியல.

எத்தனை மணிக்கு மேட்ச்ங்கறதையும் டிவிக்காரங்கதான் முடிவு பண்றாங்க. பெரும்பாலும் 12 நாளைக்கு முன்னாடிதான் சொல்றாங்க, சில சமயம் வெறும் 6 நாள். மத்தியானம் 12 மணியா, ராத்திரி ஏழரையான்னு தெரியாம 200 மைல் தள்ளி இருக்கிறவன் எப்படி ஹோட்டல் போடுவான்? சின்ன காலேஜ் பாடு இன்னும் மோசம். மிட்-அமெரிக்கன்னு ஒரு கான்ஃபரன்ஸ், அதாவது தங்களுக்குள்ள ஆடிக்கிற காலேஜுங்களோட கூட்டணி, ஒஹையோ, மிச்சிகன் பக்கத்து டீமுங்க அதிகம், நவம்பர்ல அவங்க மேட்ச் பாதிக்கு மேல செவ்வாய் புதன் ராத்திரி. மறுநாள் வேலை, ஸ்கூல், வெளிய உறையிற குளிர், யார் வருவா? ஆனா அன்னைக்கு வேற மேட்ச் இல்லாததால நாடு பூரா டிவில இவங்களைத்தான் காட்டுவாங்க, பணமும் பேரும் அதுல வருது, அதனால காலி பெஞ்ச் முன்னாடியே ஆடுறாங்க.

இதெல்லாம் எங்க ஆரம்பிச்சுதுன்னா 1984-ல. அதுவரைக்கும் எந்த மேட்ச் டிவில வரணும்னு முடிவு பண்றது காலேஜ் விளையாட்டை நடத்துற என்சிஏஏங்கற அமைப்பு கைல இருந்துது, கொஞ்சம்தான் காட்டுவாங்க, எல்லாத்தையும் காட்டினா ஸ்டேடியத்துக்கு ஆள் வராதுன்னு பயம். ஓக்லஹோமா யுனிவர்சிட்டி வழக்குல உச்ச நீதிமன்றம் அது செல்லாது, காலேஜுங்களே வித்துக்கலாம்னு சொல்லிடுச்சு. அப்புறம் என்ன, 2022-ல மிச்சிகன் இருக்கிற பிக் டென் கான்ஃபரன்ஸ் மட்டும் 7 வருஷத்துக்கு 700 கோடி டாலருக்கு மேல டிவி உரிமையை வித்துது. அந்தப் பணத்துக்கு முன்னாடி என் ரெண்டு டிக்கெட் எல்லாம் எந்த மூலைக்கு?

சரி, டிக்கெட்டையாவது மலிவா கொடுத்தாங்களான்னா அதுவும் இல்ல. நல்ல சீட் வேணும்னா டிக்கெட் விலைக்கு மேல காலேஜுக்கு டொனேஷன் கட்டணும். முன்னெல்லாம் அந்த டொனேஷன்ல 80 சதவீதத்தை வருமான வரில கழிச்சுக்கலாம், 2017 வரிச் சட்டத்துல அதை எடுத்துட்டாங்க. பெரியவர் கணக்கு போட்டுப் பார்த்துட்டு, அந்தக் காசுக்குத்தான் இந்த டிவி வாங்கினேன்னு ஒரு தடவை சொன்னார். அப்பவும் சீட்டை விட மனசு வரல, அவங்க அப்பா காலத்து சீட்டாம்.

மிச்சிகன்லயே 2014-ல ஸ்டூடன்ட் சீசன் டிக்கெட் 295 டாலர், பசங்க கடுப்பாகி நிறைய பேர் வாங்கவே இல்ல, டீமும் தோத்துட்டு இருந்துது. ரெண்டு கோக் வாங்கினா ரெண்டு டிக்கெட்னு ஒரு விளம்பரம் வந்து நாடே சிரிச்சுது, அவசர அவசரமா வாபஸ் வாங்கினாங்க. அக்டோபர் கடைசில விளையாட்டுத் துறை டைரக்டர் டேவ் பிராண்டன் ராஜினாமா. அடுத்த வருஷம் ஸ்டூடன்ட் டிக்கெட் 175 டாலர் ஆச்சு.

ஜெயிச்சா கூட்டம் வந்துடும்னு சொல்றதும் முழு உண்மை இல்ல. அந்தச் சமயத்துல அலபாமா யுனிவர்சிட்டி டீம் ஜெயிச்ச மாதிரி யாரும் ஜெயிக்கல, ஆனா 2018-ல அவங்க கோச் நிக் சேபன் பசங்க பாதில எந்திரிச்சுப் போறாங்கன்னு வெளிப்படையா திட்டினார். எந்திரிச்சுப் போகாம என்ன பண்ணுவாங்க, பணம் கொடுத்து பலியாடு மாதிரி ஒரு சின்ன டீமைக் கூட்டிட்டு வந்து 50 பாயிண்ட் வித்தியாசத்துல அடிக்கிறதை 35 டிகிரி வெயில்ல எவ்வளவு நேரம் பார்க்கிறது? 2019-ல அதுக்கு ஒரு ஆப் கொண்டு வந்தாங்க, போன் இருக்கிற இடத்தை வச்சு ஸ்டூடன்ட் ஸ்டேடியத்துல இருக்கானான்னு பார்க்கும், வந்தா 100 பாயிண்ட், நாலாவது குவார்ட்டர் வரைக்கும் இருந்தா இன்னும் 250, பாயிண்ட் நிறைய இருந்தா ஃபைனல் டிக்கெட்ல முன்னுரிமை. கிளாஸ்ல அட்டெண்டன்ஸ் பத்தாதுன்னு இங்கயும் அட்டெண்டன்ஸ். நம்ம ஊர் பசங்களா இருந்தா நாலு பேர் போனை ஒருத்தன் பையில போட்டு அனுப்பியிருப்பானுங்க.

இதுக்கு நேர் எதிர்ல நெப்ராஸ்கா யுனிவர்சிட்டி. 1962 நவம்பர்ல இருந்து அவங்க ஹோம் மேட்ச் எல்லாம் ஹவுஸ்ஃபுல்னு கணக்கு. டீம் வருஷக்கணக்கா சொதப்பினப்போ மிச்ச டிக்கெட்டை பணக்காரங்க வாங்கி, வசதி இல்லாத வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுத்து அந்தக் கணக்கைக் காப்பாத்தினாங்க. இதைப் படிச்சப்போ முதல்ல ஏமாத்து வேலைன்னு தோணுச்சு, அப்புறம் யோசிச்சேன், காலி பெஞ்சுக்கு ஒரு குழந்தை உக்காந்தா என்ன கெட்டுப் போச்சு.

எங்க மேட்சுக்கு வர்றேன். மூணாவது குவார்ட்டர்ல மைக்ல இன்னைக்கு வந்த கூட்டம் இவ்வளவுன்னு அறிவிச்சாங்க. எங்க வரிசைல நாங்க ரெண்டு பேர், நாலு சீட் தள்ளி கம்பளி போத்தின ஒரு அம்மா, அந்தக் கடைசில ரெண்டு பசங்க, அவ்வளவுதான். அந்த அம்மா தலையைத் திருப்பி மேல ஒரு தடவை கீழ ஒரு தடவை பார்த்துட்டு சத்தமா சிரிச்சாங்க, அது அப்படியே பரவி எங்க செக்ஷனே சிரிச்சுது. அன்னைக்கு எங்க பக்கம் எழுந்த பெரிய சத்தம் அதுதான்.

பையன் காது சிவந்து போச்சு, நாலாவது குவார்ட்டர் ஆரம்பிக்கறதுக்குள்ள கிளம்பிட்டோம். கார்ல ஹீட்டரைப் போட்டுட்டு பெரியவருக்கு போன் பண்ணி, சார் கோச்சுக்காதீங்க, பாதில வந்துட்டோம், உங்க சீட் காலியா கிடக்குன்னேன். மனுஷன் அலட்டிக்கவே இல்ல. "கவலைப்படாதே, கேமரா நம்ம பக்கம்தான் வச்சிருக்காங்க, எதிர் பக்கம் மட்டும்தான் டிவில தெரியும்"னார்.