கார்த்தியின் அந்த உபசரிப்பு

சி. பிரேம்குமாரின் 'மெய்யழகன்' (2024) படத்தை இந்தத் தடவை என் மகனோடு உட்கார்ந்து பார்த்தேன். பத்தாம் வகுப்புப் படிக்கிறான். ஹீரோ என்றால் பத்துப் பேரை அடிக்கணும் என்று நினைக்கிற வயசு.

சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போன குடும்பம், அருள்மொழியுடையது (அரவிந்த்சாமி). பல வருஷம் கழித்து, தங்கை முறையான புவனாவின் கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். மேடையில் அவர் நகைகளை எடுத்துக் கொடுக்க, அவள் உடைந்து அழ, அரவிந்த்சாமியின் கண்ணும் கலங்கிவிடுகிறது. சுற்றி அத்தனை சனம் நிற்கிறதே என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. எங்கள் வீட்டு ஆண்கள் பந்தி கவனிக்கப் போகிற சாக்கில் நழுவிவிடுவார்கள்.

ஆனாலும் என் மனசு முழுக்கக் கார்த்திதான். 2007-இல் 'பருத்திவீர'னாகச் சண்டியர்த்தனத்தோடு அறிமுகமானவர், இதில் விருந்தாளியாக வந்த அருள்மொழியை விழுந்து விழுந்து கவனிக்கிறார். அத்தான், அத்தான் என்று வாய் ஓயாத பாசம். அத்தானுக்கோ இவர் யாரென்றே ஞாபகமில்லை!

படம் நீளம் என்று குறை வந்ததும் சுமார் 18 நிமிடங்களை வெட்டினார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. இரண்டு ஆம்பளைகள் போட்டி இல்லாமல், வீறாப்பு இல்லாமல் ராத்திரி முழுக்க மனசுவிட்டுப் பேசுவதை நம் சினிமாவில் எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்?

"பேரு தெரியலன்னு அவர்கிட்டயே கேட்டிருக்கலாம்லம்மா?" என்றான் மகன். கேட்கக் கூச்சப்பட்டு, விடியும் முன்பே சொல்லாமல் கிளம்பிவிடுகிற அருள்மொழியைப் பற்றி அப்புறம் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.