இரண்டு சிவப்பு, ஒரு மஞ்சள்

அம்மாவுக்கு வீடியோவில் கராஜைக் காட்டினேன். "காரை பனியில விட்டுட்டு இந்தப் பழைய வண்டிங்களை உள்ள வெச்சிருக்கியாப்பா?" என்று கேட்டார். ஆமாம், அப்படித்தான் வைத்திருக்கிறேன். வடக்கு இந்தியானாவின் ஜனவரிக் குளிரை கார் தாங்கிவிடும். 1975-இல் செய்த ஒரு வீல் ஹார்ஸ் கார்டன் டிராக்டரின் கியர் பாக்ஸுக்குள் தண்ணீர் இறங்கி உறைந்து இரும்பு விரிசல் விட்டால், புதிதாக வார்த்துக் கொடுக்க யாரும் இல்லை.

மொத்தம் மூன்று வண்டிகள். இரண்டு சிவப்பு வீல் ஹார்ஸ், மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு கப் கேடட். கார்டன் டிராக்டர் என்றால் ஊரில் பலர் புல் வெட்டும் மெஷின் என்றே நினைக்கிறார்கள். புல்லும் வெட்டும், சரிதான். ஆனால் பட்டையான இரும்புச் சட்டமும் வார்ப்பிரும்பு இன்ஜினும் வார்ப்பிரும்பு கியர் பாக்ஸும் உள்ள இந்த வண்டிகள் கலப்பை இழுக்கும், பனி தள்ளும், மண் கிளறும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் ஊருக்கு வெளியே ஓரிரண்டு ஏக்கரோடு வீடு வாங்கிப் போனவர்களுக்காக வந்தவை. பெரிய டிராக்டர் வாங்குகிற அளவுக்கு நிலம் இல்லை, கையால் செய்து முடிக்கிற அளவும் இல்லை.

பல குதிரைகள் பூட்டிய வண்டியில் சக்கரத்தை ஒட்டிப் பூட்டுகிற குதிரைக்குத்தான் வீல் ஹார்ஸ் என்று பெயர், பாரத்தில் பெரும்பங்கு அதன் தலையில்தான் விழும். 1946-இல் சவுத் பெண்ட் நகரத்தில் பாண்ட் குடும்பத்தார் வீட்டு கராஜில் ஆரம்பித்த தொழில்தான் வீல் ஹார்ஸ் கம்பெனி. ஆலிவர் கலப்பையும் ஸ்டூட்பேக்கர் காரும் செய்த அதே ஊர். 1974-இல் அமெரிக்கன் மோட்டார்ஸ் வாங்கியது, 1986-இல் டோரோ கைக்குப் போனது. என் வீட்டிலிருந்து சவுத் பெண்ட் ஒரு மணி நேரம். இங்கே குடிவந்து பல வருஷம் அந்த ஊரைத் தாண்டித்தான் சிகாகோ போய் வந்தேன், இதெல்லாம் தெரியாமலே.

முதல் வண்டி சி-120, 12 குதிரைசக்தி கோலர் கே301 இன்ஜின். ஒரு பண்ணைக் கொட்டகையில் பத்து வருஷம் சும்மா கிடந்தது. பேட்டரி போட்டு, கார்ப்ரேட்டரைக் கழுவி மாட்டியதும் ஓடிவிட்டது. நாலாவது தடவை புல் வெட்டும்போது, வீட்டின் பின்பக்கச் சரிவில், 'டங்' என்று ஒரே சத்தம், அத்தோடு நின்றுவிட்டது. பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடு உடைந்து இரண்டாகிவிட்டது. காரணம் நான்தான். கோலர் கே வரிசையின் ஒற்றை சிலிண்டர் இன்ஜின்களில் ஆயில் பம்ப் கிடையாது. ராடின் அடியில் சின்னக் கரண்டி மாதிரி ஒரு நீட்டம் இருக்கும், ஒவ்வொரு சுற்றுக்கும் அது கீழே தேங்கியிருக்கிற எண்ணெயில் விழுந்து வாரி இறைக்கும், அவ்வளவுதான் அதற்கு உயவு. ராடு அலுமினியம், தனியாக பேரிங் எதுவும் இல்லாமல் நேரே கிராங்கின் மேல் ஓடுவது. எண்ணெய் மட்டம் குறைந்து, வண்டி சரிவில் சாய்ந்து, எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கினால் கரண்டிக்கு ஒன்றும் கிடைக்காது. அன்று காலை ஆயில் குச்சியை எடுத்துப் பார்க்க எனக்கு அரை நிமிஷம் ஆகியிருக்கும். இப்போது ஒவ்வொரு தடவை ஏறி உட்காரும் முன்னும் பார்க்கிறேன், பத்து நிமிஷம் முன்னால் பார்த்திருந்தாலும் பார்க்கிறேன்.

ஆனால் அந்த உடைப்பில்தான் எனக்கு இந்த வண்டிகள் மேல் பெரிய மரியாதை வந்தது. இன்ஜினை இறக்கிப் பிரித்தால் உள்ளே எல்லாமே புரிகிறது. ஒரு சிலிண்டர், இரண்டு வால்வு, அவற்றைத் திறக்கும் ஒரு கேம். கிராங்கை லேத் பட்டறையில் கொடுத்து 0.010 அங்குலம் தேய்த்து வாங்கினேன், அதே அளவு குறைத்துச் செய்த ராடு இன்றைக்கும் புதிதாகக் கிடைக்கிறது. செய்தவர்களே ஒருநாள் இது தேயும், யாரோ பிரிப்பார்கள், அப்போது சரிசெய்ய வழி இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கிறார்கள். உள்ளே அதிர்வைக் குறைக்க இரண்டு பேலன்ஸ் கியர்கள் இருந்தன. அவற்றின் பேரிங் தேய்ந்து கியர் உடைந்தால் பிளாக்கையே ஓட்டை போட்டுவிடும், அதனால் இன்ஜினைத் திறக்கிற பலர் அவற்றை எடுத்துவிட்டே மூடுகிறார்கள். நானும் எடுத்துவிட்டேன். கொஞ்சம் கூடுதலாக உதறுகிறது, பழகிவிட்டது.

புதிதாக ஒரு பழைய வண்டி வாங்குகிறவர்கள் ஆர்வத்தில் உடனே ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். முதலில் இன்ஜின் மேலே உள்ள தகரக் கூட்டைக் கழற்றுங்கள். எனக்கு வந்த மூன்றிலும் அதற்குள் எலி கூடு கட்டியிருந்தது. காற்று போகும் துடுப்புகளுக்கு இடையில் வைக்கோலும் பஞ்சும் அடைத்துக்கொண்டால் இன்ஜின் சூடேறிச் செத்துவிடும். பிளக்கைக் கழற்றி சில சொட்டு எண்ணெய் விட்டுக் கையால் சுற்றுங்கள். டாங்கில் பழைய பெட்ரோல் இருந்தால் கொட்டிவிடுங்கள், எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் கார்ப்ரேட்டருக்குள் என்ன செய்திருக்கிறது என்பதைத் திறந்ததும் நீங்களே பார்ப்பீர்கள்.

அப்புறம் பாயிண்ட், அதாவது பிளக்கில் பொறி வரும் நேரத்தைத் தீர்மானிக்கிற, திறந்து மூடும் சின்ன மின் தொடர்பு. இங்கே என் வயதுக்காரர்களே பாயிண்ட் என்றால் பயப்படுகிறார்கள், எனக்கு அது பழைய உறவு. உடுமலையில் அப்பாவின் ராஜ்தூத் மழைநாளில் கிளம்பாத காலையெல்லாம், பாயிண்ட் மூடியைக் கழற்றி உப்புத்தாளால் தேய்ப்பது என் வேலை. கோலரில் பாயிண்ட் இன்ஜினுக்கு வெளியே, பக்கவாட்டில் ஒரு சின்ன மூடிக்குள் இருக்கும், கேமிலிருந்து ஒரு மெல்லிய கம்பி வந்து அதைத் தள்ளித் திறக்கும். இடைவெளி 0.020 அங்குலம். இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் ஃபிளைவீலில் 'எஸ்' என்று ஒரு குறி உண்டு, பார்க்கிற துளைக்கு நேரே அந்தக் குறி வரும்போது பாயிண்ட் சரியாகத் திறக்க ஆரம்பிக்க வேண்டும். கார்ப்ரேட்டர் கோளாறு என்று என்னிடம் சொல்லப்பட்ட இரண்டு வண்டிகளில் கோளாறு இந்தப் பாயிண்டில்தான் இருந்தது.

வீல் ஹார்ஸ் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக இரண்டு விஷயம். கியர் கம்பியின் அடியில் உள்ள ரப்பர் உறை கிழிந்தால் மழைத்தண்ணீர் நேரே கியர் பாக்ஸுக்குள் இறங்கும். இரண்டாவது சிவப்பு வண்டியில் அடி போல்ட்டைத் திறந்தபோது எண்ணெய்க்குப் பதில் மோர் மாதிரி வெள்ளையாக ஒன்று வந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி, வண்டியைத் தள்ளி உருட்டி, கொட்டி, மறுபடி ஊற்றி, மூன்று தடவை கழுவிய பிறகு 90 நம்பர் கியர் ஆயில் விட்டேன். நல்லவேளை, பேரிங் எதுவும் போகவில்லை. இன்னொன்று, பின்சக்கர ஹப். துரு பிடித்து அச்சோடு ஒன்றாகிப் போயிருக்கும், கோபத்தில் சுத்தியலால் அடித்தால் உடைவது ஹப்தான். துரு இளக்கும் எண்ணெயை நாலைந்து நாள் தொடர்ந்து விட்டு, ஹப்பைப் பிடித்து இழுக்கும் புல்லர் போட்டு இறுக்கி, விட்டுவிட்டுப் போய் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். எனக்கு ஒரு ஹப் ராத்திரி பதினோரு மணிக்குத் தானாக 'டப்' என்று விட்டது, வீட்டுக்குள் இருந்த எனக்கே கேட்டது.

பெயிண்ட் பற்றிக் கேட்பவர்கள் நிறைய. பளபளவென்று புதுச் சிவப்பு அடித்து, வேலை எதுவும் செய்யாமல் டிரெய்லரில் ஏற்றிக் காட்சிக்குக் கொண்டுபோகிறவர்களின் உழைப்பு எனக்குத் தெரியும், குறை சொல்லவில்லை. ஆனால் என் வண்டிகளுக்கு நான் அடிக்க மாட்டேன். சி-120-இன் இடது மட்கார்டில் முதல் சொந்தக்காரரின் பூட்ஸ் உரசி உரசிப் பெயிண்ட் போய் இரும்பு தெரிகிற இடத்தில்தான் இப்போது என் காலும் உரசுகிறது. துரு ஏறாமல் எண்ணெய்த் துணியால் துடைப்பேன், அது போதும். பனி பெய்தால் அதுதான் எங்கள் தெருவில் நாலு வீட்டு வாசலைத் தள்ளுகிறது.

ஆகஸ்ட் கடைசியில் போர்ட்லண்டில் நடக்கும் இன்ஜின், டிராக்டர் கண்காட்சிக்கு வருஷா வருஷம் போகிறேன். இதுவும் இந்தியானாதான், ஓஹாயோ எல்லையை ஒட்டிய சின்ன ஊர். திடல் முழுக்க பழைய பாகங்கள் தரையில் விரித்துக் கிடக்கும், சந்தை மாதிரி. மூன்றாவது வண்டி அங்கே பேச்சுக்கொடுத்ததில் வந்தது. முதல் மாடல் கப் கேடட், இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1960 கடைசியிலிருந்து 1963 வரை சுமார் 65,000 செய்தது, 7 குதிரைசக்தி. விற்ற பெரியவருக்கு எண்பது வயதுக்கு மேல் இருக்கும். விலையைப் பேசி முடித்த பிறகு, "இதை வேலைக்கு விடுவாயா?" என்று மட்டும் கேட்டார். விடுவேன் என்றேன்.

இன்னும் விட முடியவில்லை. கிளட்ச் பெடலின் தண்டு துருவில் இறுகிக் கிடக்கிறது. ஒன்றரை மாதமாகத் தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு எண்ணெய் விட்டு, கொஞ்சம் சூடு காட்டி, மரக்கட்டை வைத்து மெதுவாகத் தட்டி வருகிறேன். நேற்று ராத்திரி அரை அங்குலம் அசைந்தது.