கிராணி வேலைக்குப் போன கதை

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம், அப்பா அம்மா இரண்டு பேரும் பால்வெட்டு. அரசாங்க வேலைக்கு மனு போடப் போகிறேன் என்றதும் அப்பா கேட்டது ஒன்றுதான்: "கிராணி வேலையாம்மா?" கிராணி என்றால் எங்கள் பக்கம் ஆபீஸ் எழுத்தர். ஆமாம்பா, கிட்டத்தட்ட அதுதான் என்றேன். நிர்வாக உதவியாளர், அப்போது கிரேடு என்19. 2024 டிசம்பரில் வந்த புதிய சம்பள முறையில் அதுவே என்1 ஆகிவிட்டது.

முதல் முட்டுக்கட்டை என் எஸ்பிஎம், அதாவது இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வுச் சான்றிதழிலேயே இருந்தது. மற்ற பாடங்கள் பரவாயில்லை, பகாசா மெலாயுவில் டி. நிரந்தர வேலைக்கு மலாய் மொழியில் கிரெடிட், அதாவது குறைந்தது சி, வேண்டும் என்பதை எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், யாரும் சொல்லவில்லை. "நம்ம ஆளுங்களுக்குக் குடுக்க மாட்டான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்த வருத்தம் பொய் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் என் விஷயத்தில் மனுவே செல்லாது, அது வேறு கதை. அந்த ஒரு பாடத்தை மட்டும் மறுபடி எழுதி சி பிளஸ் வாங்கினேன்.

அப்புறம் 2014-ல் டவுனில் இருந்த சைபர் கஃபேயில் உட்கார்ந்து பொதுச் சேவை ஆணையத்தில் பதிந்தேன். அந்த ஆன்லைன் பதிவு முறைக்கு அப்போது எஸ்பிஏ8ஐ என்று பெயர், பிறகு எஸ்பிஏ9 ஆனது. பதிந்தாகிவிட்டது, கூப்பிடுவார்கள் என்று ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டே காத்திருந்தேன், காத்திருந்தேன், ஒன்றரை வருடம் கழித்து உள்ளே போய்ப் பார்த்தால் பதிவு காலாவதி! ஒரு வருடம்தான் செல்லுமாம். புதுப்பிக்காதது என் தப்பு, யாரையும் திட்ட முடியவில்லை.

இரண்டாவது முறை ஆன்லைன் தேர்வு தாண்டி நேர்முகம் வரை வந்தது. அமைச்சர்கள் பெயர், ருக்குன் நெகாரா என்ற தேசியக் கோட்பாட்டின் 5 கொள்கைகள் எல்லாம் மனப்பாடம். நேர்முகம் எடுத்தவர்களோ, கவுண்டரில் ஒரு பெரியவர் கோபமாகக் கத்துகிறார், உன் மேலதிகாரியும் இல்லை, என்ன செய்வாய் என்று கேட்டார்கள். பதில் தெரியும், ஆனால் வாயில் வந்தது "சாயா புஞ்ஞா", "டியா புஞ்ஞா" என்று நாம் கடைத்தெருவில் பேசும் பாசார் மலாய். நடுவில் இருந்த பெண் அதிகாரி சிரித்துவிட்டு, மெதுவாகச் சொல் என்றார். நிறுத்தி, பள்ளிக்கூட மலாயில் முதலிலிருந்து சொன்னேன். அந்த ஒரு நிமிஷம்தான் வேலை வாங்கிக் கொடுத்தது என்று இன்றும் நினைக்கிறேன்.

வேலை கிடைத்தால் முடிந்தது என்று நினைக்காதீர்கள், உள்ளே போனபின் தகுதிகாண் காலம் இருக்கிறது, ஒன்றிலிருந்து மூன்று வருடம். அதற்குள் அறிமுகப் பயிற்சியும் துறைத் தேர்வும் முடித்தால்தான் பதவி உறுதியாகும். பெரிந்தா ஆம் என்ற பொது விதிகள் எனக்குத் தூக்க மாத்திரை மாதிரி, விடுமுறை பற்றிய சி அத்தியாயம் மட்டும் ஒரே மூச்சில் படித்தேன். பதவி உறுதியாகி, சேவையும் 3 வருடம் ஆனதும் ஓய்வூதியமா, ஈபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதியா என்று கேட்கும் படிவம் வந்தது. ஓய்வூதியம் என்று கையெழுத்துப் போட்டதை அம்மா அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார்.

இப்போது மேல் பதவிக்குப் பிஎஸ்எல் வழியாக, அதாவது சேவையில் இருந்துகொண்டே அடுத்த பிரிவுக்கு, மனு போட்டிருக்கிறேன். தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது பக்கத்து வீட்டுத் தம்பி, "அக்கா, நானும் பதிஞ்சிருக்கேன், ஒன்னும் வரலை" என்றான். எப்போது பதிந்தாய் என்றேன். போன வருஷத்துக்கு முந்தின வருஷமாம். பலகாரத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, அவன் பாஸ்வேர்டைத் தேட ஆரம்பித்தோம்.